வாசகசாலையின் பின்சுவர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். அந்த முழங்காலும் நேற்றிலிருந்து பரவாயில்லை. நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? ரயில்பாதை வேலை நடக்கும் முகாமில் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்ததா?

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. சதுக்கத்தை அளக்கும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஏழு கட்டடங்களும். நகர மண்டபம், நீதிமன்றம், தலைமை அஞ்சலகம், கருவூலம், பதிவு அலுவலகம், பழைய தந்தி நிலையம், வாசகசாலை. பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் அளந்து வந்ததை நகலெடுத்துக் கொண்டிருந்தேன். இனி படத்தின் வலது கீழ் மூலையில் என் கையெழுத்து இருக்கும்.

விஷயம் இதுதான். சதுக்கத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக நகராட்சி அறிவிக்கப் போகிறது. அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழு ஜூன் 6 அன்று கூடி, வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு போடும். கோட்டுக்குள் வருவதை இனி யாரும் தொட முடியாது. வெளியே நிற்பதை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டுவார்கள்.

ரெக்கார்டு அறையில் பத்தொன்பது வருடத்துப் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். ஏழிலும் உங்கள் கையெழுத்து. நான் அவற்றை விரித்து வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரர், "என்ன மேடம், குடும்பச் சொத்தா? பாகம் பிரிக்கிறீங்களா?" என்றார்.

இப்போது ஒன்று கேட்கிறேன். வாசகசாலைப் படத்தில் பின்சுவர் ஒரு மீட்டர் அறுபது கனம் காட்டியிருக்கிறீர்கள். சதுக்கத்தில் வேறு எந்தச் சுவரும் அறுபது சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. கருவூலத்துச் சுவர்கூட. அப்படியானால் அந்தச் சுவருக்குள் ஒரு மீட்டர் இடம் இருக்கிறது. ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கலாம். அன்றைக்கு உங்களுக்கு இது தோன்றவில்லையா? எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உடனே எழுதுங்கள். அண்ணிக்கு அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உங்கள்
ஊசி

*

ஜனவரி 30

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் நாள் லாரியில் வந்தது. நாங்கள் நலம். தண்ணீர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் செய்தியை அண்ணிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "இந்தப் பொண்ணு சின்ன வயசுலயே எதையும் குத்திக் குத்திப் பார்க்கும். இப்பத்தான் சரியான ஆளுக்குச் சரியான வேலை கிடைச்சிருக்கு" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

அளக்கும்போது மூலைக்கு மூலை குறுக்கே அளக்கத் தவறாதே. பழைய கட்டடங்களில் எந்த மூலையும் நேராக இருக்காது. நகர மண்டபத்துக் கூரைக்கு ஏறும் ஏணியில் நான்காவது படி ஆடும். அதைச் சரிபார்த்துவிட்டு ஏறு.

பழைய படங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதே. என் படமாக இருந்தாலும் சரி. நீயே அள.

வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மா மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாகக் கீழே இருந்தே என்னைக் கூப்பிடுகிறாள், நான்தான் ஏறி இறங்குகிறேன். உங்கள் இருவருக்கும் வெயில் ஒத்துக்கொள்கிறதா?

ஏணியின் நான்காவது படி இன்னும் ஆடுகிறது. நகர மண்டபமும் நீதிமன்றமும் முடிந்துவிட்டன. நீதிமன்றத்துத் தாழ்வாரத்தில் டேப்பை இழுத்தால் வக்கீல்கள் எல்லாம் கால் தூக்கித் தாண்டிப் போகிறார்கள். ஒருவர் மட்டும் நின்று, "எத்தனை மீட்டர் வருது? முப்பது வருஷமா நடக்கிறேன், தெரிஞ்சுக்கிறேன்" என்றார். சொன்னேன். அன்று முழுக்க எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டேப் பிடிக்க எனக்கு யார் தெரியுமா? உங்கள் செயின்மேன்தான். ஆபீசில் எல்லோரும் 'மீட்டர்' என்கிறார்களே, அவர். கருவூலத்து வாசலில் காவலர் அவரை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே தூக்குக்குண்டு இருந்தது.

"என்னய்யா இது?"

"குண்டு சார்."

"குண்டா?"

"நூல்ல கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேரா இருக்கான்னு பாக்கிறது சார். வெடிக்காது. கால்ல விழுந்தா வலிக்கும், அவ்வளவுதான்."

அதற்கு அனுமதிக் கடிதம் வாங்க இரண்டு நாள் ஆயிற்று.

மறைவறை விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. நான் ஒருவரிடம்தான் சொன்னேன். மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அறையிலிருந்து சுரங்கமாகி, சுரங்கத்துக்குள் ஒரு பெட்டியும் வந்துவிட்டது. நேற்று ஒரு செய்தியாளர் வந்து என்னைத் தேடினார். தலைமைப் பொறியாளரே கூப்பிட்டுக் கேட்டார். இவர் உங்களுக்குப் பிறகு வந்தவர். எதற்கும் ஒரு கையில் ஒரு காகிதம், மறுகையில் ஒரு காகிதம் என்று தூக்கிப் பார்த்துத்தான் பேசுவார் என்பதால் 'தராசு' என்று பெயர். வாசகசாலைப் பின்சுவரில் மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்க்க அனுமதி தருகிறேன் என்றார். அடுத்த மாதம் துளைக்கிறோம்.

வாசகசாலைக்குப் போய்வந்தேன். அங்கே நூலகராக இருக்கும் அம்மையாருக்கு அடுத்த வருடம் ஓய்வு. நான் யாரென்று சொன்னதுமே, "அளவுக்காரர் தங்கச்சியா?" என்றார். உங்களை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியவந்தது. வாசகசாலை கோட்டுக்கு உள்ளே இல்லை. குழுவின் முதல் வரைவில் கோடு தந்தி நிலையத்தோடு திரும்பிவிடுகிறது. காரணம், கோப்பில் ஒரே வரி: "மூல ஒப்பந்தப்படி நீளம் தொண்ணூற்றிரண்டு அடி, இன்றைய நீளம் அதைவிட ஒரு மீட்டர் அதிகம், எனவே பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டது." பிற்காலத்துக் கட்டடம் என்பதால் பத்தொன்பது வருடமாகக் கூரைக்குப் பராமரிப்பும் கிடையாது. பாதி மண்டபத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் மேஜைகளுக்கு நடுவே ஒன்பது வாளிகள். நான் போனபோது நாற்பது பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். சொட்டு விழும் சத்தத்துக்கு ஒருவர்கூடத் தலை தூக்கவில்லை.

"இது மொதல்ல கட்டினபடியேதான் இருக்குன்னு நான் அப்பவே உங்க அண்ணன்கிட்ட சொன்னேன்" என்றார் நூலகர். "மனுவும் போட்டேன். 'டேப் பொய் சொல்லாதும்மா'ன்னு சொன்னாரு. அப்புறம் நான் பேசறதையே விட்டுட்டேன்."

சுவருக்குள் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு ஊகமாவது சொல்லுங்கள்.

உங்கள்
ஊசி

*

மார்ச் 3

அன்புள்ள ஊசிக்கு,

அண்ணன் எழுதுவது. அண்ணிக்கு ஒரு வாரம் காய்ச்சல் இருந்தது, இப்போது எழுந்து நடமாடுகிறாள். அம்மாவின் முழங்காலுக்கு மருத்துவரிடம் காட்டினாயா? எழுது.

சுவரில் துளை போடாதே. ஏற்கெனவே ஒழுகுகிற கட்டடம். ஈரம் ஏறிய சுவரைக் குடைந்தால் சாந்து உதிர்ந்துவிடும். அதற்குள் ஒன்றும் இருக்காது.

பின்சுவரை நேராக அளக்க வழியில்லை என்பது உனக்குத் தெரியும். உள்ளே கூரைவரை புத்தக அலமாரி, வெளியே ஒட்டியபடி இன்னொருவரின் கிடங்கு. வெளிநீளத்திலிருந்து உள்நீளத்தைக் கழித்து, முன்சுவரையும் கழித்து, மிச்சத்தைப் பின்சுவர் என்று போடுவோம். அப்படித்தான் ஒரு மீட்டர் அறுபது வந்தது. வெயில் நேரத்தில் இரும்பு டேப் நீளும் என்பதையும் மறக்காதே. முதலில் பக்கத்துச் சந்தில் வெளிநீளத்தை அள. அதற்குப் பிறகு துளையைப் பற்றி யோசி.

இங்கே தலைமை சர்வேயர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஜூனில் தெரியும். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

நூலகர் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணன்

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் காய்ச்சல் முழுக்க விட்டதா? அம்மாவை மருத்துவரிடம் காட்டினேன். தைலம் கொடுத்திருக்கிறார். வீடே தைல வாசனை. உங்கள் பதவி உயர்வைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தே அம்மா, "என்ன மறைக்கிற?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

அண்ணா, சுவருக்குள் அறை இல்லை. அறையைவிடப் பெரிய சங்கதி கிடைத்திருக்கிறது.

நீங்கள் சொன்னபடி துளையை நிறுத்திவைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு மீட்டரும் நானும் சந்துக்குள் போனோம். வெயில் வருவதற்கு முன்பே. அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். இருபத்தெட்டு மீட்டர் நான்கு சென்டிமீட்டர். நான் நம்பவில்லை. முனை மாற்றிப் பிடித்தோம். அதே அளவு. வேறொரு டேப்பை எடுத்துவந்தோம். அதே அளவு. உங்கள் படத்தில் இருபத்தொன்பது மீட்டர் நான்கு. சரியாக ஒரு மீட்டர் வித்தியாசம்.

நான் சந்திலேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொண்ணூற்றிரண்டு அடி எவ்வளவு தெரியுமா? இருபத்தெட்டு மீட்டர் நான்கு. ஒப்பந்தத்தில் எழுதிய அளவிலேயே கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. யாரும் இடிக்கவில்லை, மாற்றிக் கட்டவில்லை. பின்சுவரும் மற்றச் சுவர்களைப் போல அறுபதுதான். நூலகர் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு சொன்னது நிஜம்.

ஓடிப்போய்த் தராசிடம் காட்டினேன். ஒரு கையில் உங்கள் படம், மறுகையில் என் படம்.

"ஒரே ஆபீஸ், ஒரே கட்டடம், ரெண்டு அளவு. நான் எதை நம்பறது?"

"மறுபடி அளந்து பாருங்க சார்."

"அளக்கலாம்மா. ஆனா கையெழுத்தான படத்தை இன்னொரு அளவு ரத்து பண்ணாது. போட்டவரே எழுதித் தரணும், அது தப்புன்னு. இல்லேன்னா விசாரணைக் குழு போடணும், ஒரு வருஷம் ஆகும். கோடு போடறது ஜூன் ஆறு." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணன்தானே? ஒரு கடுதாசி எழுதிக் கேளுங்க" என்றார்.

வெயிலில் டேப் நீளும் என்று எழுதியிருந்தீர்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். பத்து டிகிரி ஏறினால் இந்த நீளத்துக்கு மூன்று மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீள வேண்டுமென்றால் டேப் எப்போதோ உருகியிருக்கும். இதைச் சொன்னதும் மீட்டர் சிரித்த சிரிப்பில் அஞ்சலகத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

நீங்கள் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் போதும். ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும், அதை எழுதுங்கள். வாசகசாலை உள்ளே வந்துவிடும். கூரைக்கு ஆள் வரும். நாற்பது பேர் தலையில் சொட்டு விழாமல் படிப்பார்கள். எனக்கு அந்தக் கடிதம் மே மாதத்துக்குள் வேண்டும்.

உங்கள்
ஊசி

*

ஏப்ரல் 11

அன்புள்ள ஊசிக்கு,

நலம். அண்ணியும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

ரயில்பாதையின் வடபகுதியில் பாறை வந்துவிட்டது. காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புகிறோம். அதனால் தாமதம்.

நீ கேட்டதைப் பற்றி: பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. எழுநூறு எண்ணூறு அளவுகள் எடுத்திருப்போம். ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. உன் அளவு சரியாகத்தான் இருக்கும். குழு அதையே எடுத்துக்கொள்ளலாமே. நேரில் அளந்து காட்டினால் போதாதா? என்னுடைய கடிதம் எதற்கு?

அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

சால்வை வந்து சேர்ந்தது. இந்த வெயிலில் அம்மா அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எடுக்கச் சொன்னால், "எம் புள்ளை அனுப்பினது" என்கிறாள். நாங்கள் எல்லோரும் நலம். பாறை வழி விட்டதா?

ஆறு கட்டடங்களின் படங்களும் முடிந்துவிட்டன. கையெழுத்துப் போட்டபோது பேனாவை இரண்டு தடவை துடைத்தேன். உங்கள் மாப்பிள்ளை அன்றைக்கு வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, ஆபீஸ் வாசலில் நின்று ஆறு படங்களையும் பார்த்துவிட்டு, "இதுல எது கருவூலம்?" என்று கேட்டார். மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

நேற்று மீட்டரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு பழைய நாளுக்குப் போயிற்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்ப எங்ககிட்ட இருந்தது ஒரே டேப் மேடம். முனை துருப்பிடிச்சு அறுந்துபோச்சு. முதல் அரை மீட்டர் கிடையாது. புதுசு கேட்டா வர மூணு மாசம். அதனால ஒன்னுல பிடிப்போம். நான் அந்தப் பக்கம் ஒரு மீட்டர் கோட்டைச் சுவர் மூலைல வச்சுட்டு, 'ஒன்னுல இருக்கேன்'னு கத்துவேன். சார் இந்தப் பக்கம் படிச்சு, ஒன்னைக் கழிச்சிட்டு எழுதுவாரு. ஏழு கட்டடமும் அப்படித்தான்."

"வாசகசாலையும்?"

"அதுவும்தான். கடைசிக் கட்டடம். நல்ல மழை. சாருக்கு அன்னிக்கு வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ, மூணு மணிக்குப் போகணும்னு பறந்துக்கிட்டு இருந்தாரு. நான் கத்தினேன் மேடம். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவை கத்தினேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீ டம்ளரை வைத்துவிட்டு டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். அவராகப் போய் யாரிடமும் பேசக்கூடியவர் இல்லை. நானும் பேசவில்லை, தராசிடமும்கூட.

இதற்கு மேல் நான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. வெயிலில் தொப்பி போடாமல் போகாதீர்கள்.

உங்கள்
ஊசி

*

மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? லாரி வரவில்லையா? அம்மா தினமும் தபால்காரரை நிறுத்திக் கேட்கிறாள். அவர் இப்போது எதிர்ச் சாரியில் நடக்கிறார்.

நேற்று பெய்த மழையில் வாசகசாலையில் பத்தாவது வாளி வைத்தார்கள். நான் ஏழாவது படத்தை முடித்துவிட்டேன். இருபத்தெட்டு மீட்டர் நான்கு என்று போட்டிருக்கிறேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். குழு ஏற்கிறதோ இல்லையோ, நான் அளந்தது அதுதான்.

கூட்டம் ஜூன் ஆறு, காலை பத்து மணி, நகர மண்டபத்தில். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள்
ஊசி

*

ஜூன் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், இல்லையென்றால் எனக்கு வெடித்துவிடும்.

மன்றக் கூடத்தில் குழுவினர் ஒன்பது பேர். நடுமேஜையில் சதுக்கத்து வரைபடம், அதன் மேல் சிவப்பு மைப் பேனா. பார்வையாளர் வரிசையின் கடைசியில் நூலகர். பென்சில் கோட்டில் தந்தி நிலையம் வரை ஒவ்வொன்றாகப் படித்து ஒத்துக்கொண்டார்கள். ஏழாவது வந்ததும் தராசு எழுந்தார். இரண்டு கையிலும் இரண்டு படம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு உறைதான் இருந்தது. வெளிநாட்டுத் தபால்தலை. உங்கள் எழுத்து.

எழுத்தரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நீங்கள் எழுதியதை உங்களுக்கே நான் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் காதில் விழுந்தது இப்படி:

"வாசகசாலையின் வெளிநீளம் என்று நான் கையெழுத்திட்ட அளவு தவறானது. டேப்பை ஒன்றில் பிடித்து அளந்தோம். நான் ஒன்றைக் கழிக்கவில்லை. செயின்மேன் சரியாகவே கூவினார்; தவறு என்னுடையது மட்டுமே. கையெழுத்திட்ட ஒன்பதாம் நாள், அளவுகளைக் குறித்த ஃபீல்டு புக்கைச் சரிபார்க்கும்போது இதைக் கண்டுபிடித்தேன். பதினோராம் நாள் வெளிநாட்டு வேலைக்குக் கப்பல் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படத்தை ரத்து செய்யக் கோருகிறேன். ஃபீல்டு புக்கின் அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். கட்டடத்தின் பொறுப்பாளரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

எழுத்தர் ஏற்ற இறக்கம் இல்லாமல்தான் படித்தார். வாசலருகே நின்ற மீட்டர், தன்னைப் பற்றிய வரி வந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

குழுவில் ஒருவர், "இருந்தாலும் ஒருதரம் பாத்துடலாமே" என்றார். ஒன்பது பேரும் தராசும் நானும் மீட்டரும் சதுக்கத்தைக் கடந்து சந்துக்குப் போனோம். தூறல். பின்னால் பாதி நீதிமன்றம் வேடிக்கை பார்க்க வந்தது. மீட்டர் டேப்பை விரித்ததும் தராசு கையை நீட்டினார். "குடுங்க, நான் பிடிக்கிறேன்." பளபளக்கும் ஷூவோடு சேற்றில் குந்தி உட்கார்ந்து, டேப் முனையைச் சுவர் மூலையில் வைத்துக்கொண்டு, சதுக்கமே கேட்கும்படி, "பூஜ்யத்துல இருக்கேன்" என்று கத்தினார். இந்த முனையில் குழுத் தலைவரே குனிந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். இருபத்தெட்டு, நாலு.

திரும்பிப் போய்க் கோடு போட்டார்கள். பேனாவை என்னிடம் கொடுத்தார்கள், அண்ணா. தந்தி நிலையத்தில் திரும்பவிருந்த கோட்டை நேராக இழுத்து, வாசகசாலையைச் சுற்றி, பின்சுவரோடு திருப்பினேன். திருப்பத்தில் பேனாவை அழுத்திவிட்டேன். அந்த இடத்தில் கோடு கொஞ்சம் தடிப்பாக இருக்கும். இனி எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

கூரைக்காரர்கள் இந்த மாதக் கடைசியில் வருகிறார்கள். பூட்டிய பாதியையும் திறக்கிறார்கள்.

நூலகரிடம் போனேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. "பத்தொன்பது வருஷம்" என்றார். "நான்தான் ஏதோ உளறிட்டேன்னு நெனச்சிட்டேன். அந்தக் கட்டடத்துக்குள்ளயே உக்காந்துக்கிட்டு அப்படி நெனச்சேன்." பிறகு, "மன்னிப்பெல்லாம் கடுதாசில வேணாம். அதுவும் இன்னொருத்தர் படிச்சு நான் கேக்கணுமா? நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க. காலைல எட்டு மணிக்குத் திறப்போம்" என்றார். கோபமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "அவன் அன்னிக்குக் கிளம்பும்போது சரியாவே சாப்பிடலை" என்றாள்.

உங்கள் பதவி உயர்வு என்ன ஆயிற்று? ஜூனில் தெரியும் என்றீர்களே?

உங்கள்
ஊசி

*

ஜூன் 29

அன்புள்ள ஊசிக்கு,

அண்ணனின் அன்பு. அண்ணியும் நானும் நன்றாக இருக்கிறோம். உன் கடிதத்தை லாரியின் நிழலிலேயே நின்று படித்தேன். சந்துக்குப் போன இடத்தை மூன்று தடவை படித்தேன். தராசு சேற்றில் உட்கார்ந்ததை முகாம் முழுக்கச் சொல்லியாயிற்று. அவர் யாரென்றே தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

நீ கேட்காமல் விட்டதால்தான் என்னால் எழுத முடிந்தது. கேட்டிருந்தால் இன்னொரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். வெயில், ஈரம், ஞாபகம் என்று வரிசையாக வைத்திருந்தேன். மீட்டர் இரண்டு தடவை கத்தினார் என்று நீ எழுதியிருந்தாய். அவர் மூன்று தடவை கத்தினார். மூன்றாவது தடவை நான், "கேக்குதுய்யா" என்று பதில் சொன்னேன். அதை அவர் உன்னிடம் சொல்லவில்லை.

கப்பலில் இருந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது, ஒரு மீட்டர்தானே என்று. ஒரு காகிதத்தில் இருக்கும் ஒரு எண் ஒன்பது வாளிகளாகும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவும் இல்லை.

விடுமுறை கேட்டேன். கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 11 அன்று வந்து சேர்வோம். 12 காலை எட்டு மணிக்கு வாசகசாலைக்குப் போகிறேன். நூலகரிடம் சொல்லிவிடு. நீ கூட வர வேண்டாம். எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய் வாசலில் நிற்பேன், அதையும் சொல்.

அம்மா சாப்பிட என்ன செய்தாலும் சரி, நிறையச் செய்யச் சொல்.

அண்ணன்

பி.கு: அண்ணி எழுதுகிறேன். உன் கேள்விக்கு இவர் பதில் எழுதவில்லை பார். அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விட்டது. உன் ஆபீசுக்கு எழுதிய கடிதத்தின் நகலை இவரே கொண்டுபோய் இங்கே மேலதிகாரி மேஜையில் வைத்துவிட்டு வந்தார். ஏன் என்று நான் கேட்டேன், "அவங்களும் என் அளவை நம்பித்தானே தண்டவாளம் போடறாங்க" என்றார். நீ வருத்தப்படாதே. இவர் படுத்ததும் தூங்கிவிடுகிறார். குறட்டை வேறு. பத்தொன்பது வருடம் பக்கத்தில் ஒரு மனிதர் விழித்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார், அது சத்தமில்லாமல் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. இப்போது நான்தான் தூங்க முடியாமல் கிடக்கிறேன்.